டீ கொடுத்துக் கெடுத்த கூட்டம்

ஆள் எடுப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் என்று ஊர் நினைக்கிறது. எடுத்த ஆள் திங்கட்கிழமை வருவாரா என்று கவலைப்படுவதற்குத்தான் தருகிறார்கள். பன்னாட்டுக் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இது தெரியும்.

குடும்ப நேர்காணல்

உளுந்தூர்பேட்டைப் பக்கம் கையுறை தைக்கும் கம்பெனி எங்களுடையது. கல்வராயன் மலையிலிருந்து மலர் நேர்காணலுக்கு வந்தாள். கூடவே அப்பா, அம்மா, மாமா. நான்கு நாற்காலி போட்டேன். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று கேட்கச் சொல்லித் தலைமையகம் எழுதிக் கொடுத்திருக்கிறதே, கேட்டேன். மலர் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிட்டார்:

“பஸ்சு இருந்தா பொண்ணு இங்கதான் இருக்கும் சார்.”

குறையே இல்லாத கூட்டம்

மலர் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் வெளிநாட்டு மேலாளர் வந்தார். தொழிலாளர்கள் அவர் முகத்துக்கு நேராகக் குறை சொல்லவேண்டும் என்று உத்தரவு. வந்தவர்களுக்கு டீ, பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்தோம். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் பேசவில்லை. அவருக்குப் பரம திருப்தி.

மறுநாள் மலர் வேலையை விடுகிறேன் என்று வந்து நின்றாள். ஷிப்ட் முடிந்து கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் கடைசி மலை பஸ் போய்விடுகிறதாம். பாதி நாள் ராத்திரி அங்கேயே சித்தி வீட்டில் படுக்கை. அப்பா போதும் என்றுவிட்டார். அவளுக்கோ வேலையை விட மனசில்லை, கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“டீ வாங்கிக் குடிச்சிக்கினே அவர்கிட்ட இன்னான்னுங்க குறை சொல்றது? நல்லாவா இருக்கும்?”

டீ இல்லாத கூட்டம்

நாலு நாள் பொறுத்துக்கொள் என்று அவளிடம் கெஞ்சினேன். மேலாளர் ஊருக்குக் கிளம்புமுன் இன்னொரு கூட்டம் போட்டேன், தண்ணீர்கூட வைக்கவில்லை. தியாகதுருகத்து அக்கா ஒருவர் மின்விசிறியில் ஆரம்பித்தார். அப்புறம் அடைமழைதான். கடைசியாக மலர் எழுந்து பஸ் கதையைச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். மேலாளர் கொஞ்சம் யோசித்தார். மலைக்காரர்கள் மதிய இடைவேளையில் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டு அரைமணி முன்னதாகக் கிளம்பட்டுமே என்றார். அன்றைக்கே கிளம்பலாமாம். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். மலர் என்னைப் பார்த்தாள்.

“அப்ப வேலை போவலல்ல சார்? டீய வரச் சொல்லுங்க, குடிச்சிட்டு பஸ்ஸ புடிக்கணும்.”

மனிதர்களை நிர்வகிப்பதை இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்த எனக்கு, டீயை எப்போது கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.