ஆறு மணி வரைக்கும் வாய் திறக்காதவள்

எங்கள் லா பாஸ் பேட்டையில் ரகசியம் காப்பதில் பாதிரியாரையே மிஞ்சிய ஒருத்தி இருந்தாள். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் எபிஃபானியா. அவ்வளவு நீளத்துக்கு யாருக்கு நேரம்? பானிங் என்று கூப்பிட்டோம். இலோய்லோ டி.வி. நிலையத்தில் அவளுக்கு டேப் பார்க்கும் வேலை.

இப்போது எல்லாம் செயற்கைக்கோள். மணிலாவில் பந்து கூடைக்குள் விழுகிற அதே நொடியில் இங்கே நாம் கத்துகிறோம். எழுபது, எண்பதுகளில் அந்தக் கொடுப்பினை ஏது? மணிலாவில் ராத்திரி கூடைப்பந்து ஆடி முடிப்பார்கள். ஆட்டத்தின் டேப் மறுநாள் காலை விமானத்தில் வரும். பானிங் விமான நிலையத்துக்குப் போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்னி வண்டியில் திரும்புவாள். டேப் எங்காவது கோடு விழுகிறதா, அரிசி மில் விளம்பரத்தை எங்கே சொருகலாம் என்று பார்க்க முழு ஆட்டத்தையும் தனியாக உட்கார்ந்து ஓட்டிவிடுவாள். ஊருக்கு ஒளிபரப்பு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். அதுவரைக்கும் முடிவு தெரிந்த ஒரே ஜீவன் அவள்.

ரேடியோவில் முன்னாடியே சொல்லிவிடுவானே என்பீர்கள். சொல்லுவான். கேட்டுவிட்டு வந்தவனை எங்கள் தெருவில் மனுஷனாகவே மதிக்க மாட்டோம். ரேடியோக்காரனுக்கும் அது தெரியும். விளையாட்டுச் செய்திக்கு முன்னால், "காதைப் பொத்திக்கிறவங்க பொத்திக்குங்க" என்று சொல்லி மூன்று எண்ணுவான். பேப்பர்காரன் கடைசிப் பக்கத்தை உள்பக்கமாக மடித்துத்தான் விற்பான். ஆறு மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகத் திட்டி, ஒன்றாக அழ வேண்டும். அதுதான் எங்கள் ருசி.

ஆனாலும் ஆசை யாரை விட்டது! பானிங் சந்தைக்கு வந்தால் அத்தனை கண்ணும் அவள் கூடையில். பெரிய மீனாக வாங்கினால் ஜெயிச்சாச்சு, கருவாடு வாங்கினால் தோத்தாச்சு என்று நாங்களாகக் கணக்குப் போடுவோம். ரெண்டு மாசத்தில் அவள் உஷாராகிவிட்டாள். டேப் வருகிற நாளெல்லாம் அதே காப்பிப்பொடி நிற கவுன், அதே அரைக் கிலோ திலாப்பியா, இஸ்திரி போட்ட மாதிரி அதே முகம். முடிவெட்டும் டோடோங்குக்கு அவள் மனாங், அதாவது அக்கா. அவன் ஒரு தடவை, "மனாங் பானிங், சிரிக்கவும் வேணாம், அழவும் வேணாம், ஒரே ஒரு தடவை இருமிட்டுப் போங்க" என்று கெஞ்சினான். "சளி பிடிச்சா இருமறேன்" என்றாள்.

வெளியாட்களைச் சமாளித்துவிடலாம். வீட்டுக்குள்ளேயே இருந்தாரே ஒருத்தர்! அவள் மாமனார் இசாபெலோ. பழைய ஜீப்னி டிரைவர். எங்கள் நாட்டில் அணிகளுக்கு ஊர்ப்பேர் கிடையாது, கம்பெனிப் பேர்தான். ஒன்று சோப்பு, ஒன்று பெயிண்ட், ஒன்று ஜின். இவர் சோப்பு. சும்மா இல்லை, ஜீப்னி முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு சோப்புக் கட்டியை வரைந்து வைத்திருந்தார். மகன் கப்பல்காரன், வருஷத்தில் பத்து மாசம் கடலில். வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். அவளை அவர் மகளாகத்தான் வைத்திருந்தார், அவளும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"பானிங், இன்னைக்கு பாட்சோய் சாப்பிடலாமா?"

"பசிச்சா சாப்பிடுங்கப்பா."

"தோத்திருந்தா எனக்குப் பசிக்காதே. அதான் கேக்கறேன்."

"அப்போ ஆறு மணிக்கு மேல சாப்பிடுங்க."

"கல்நெஞ்சுக்காரி! உன்னைப் போய் என் பையன் கட்டிக்கிட்டு வந்தான் பாரு" என்று தட்டைத் தள்ளிவிட்டு, பத்து நிமிஷத்தில் ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் சூப்பைக் காலி செய்வார்.

எழுபத்தொன்பதில் அவருக்குக் குடலில் புண் வெடித்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு ஆபரேஷன். அன்றைக்குப் பார்த்துக் காலையில் வந்தது ஃபைனல் டேப், சோப்புக்கும் பெயிண்டுக்கும். சோப்பு ஒரே ஒரு பாயிண்டில் தோற்றிருந்தது. பானிங் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த மனுஷன் வெளுத்துப்போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பானிங், யாரு?" என்றார்.

அவளால் முடியவில்லை. "நம்மதான்பா. ரெண்டு பாயிண்ட்."

போயிற்றா! மயக்க ஊசி ஏறுவதற்குள் அவர் நர்ஸிடம் சொல்லிவிட்டார். நர்ஸ் வராந்தாவில் சொன்னாள். வராந்தாவில் ஒரு ஜீப்னி டிரைவர் நின்றிருந்தான். நாலு மணிக்கு லா பாஸ் முழுக்க ஹாரன் சத்தம். சொன்னது பானிங், சந்தேகப்பட முடியுமா? டோடோங் தன் பன்றியையே வெட்டி நெருப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டான். ஆறு மணிக்கு வாயெல்லாம் பல்லாக டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். சோப்பு பின்தங்கிய போதெல்லாம், "இருடா, கடைசியில வருது பாரு" என்று ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லிக்கொண்டோம். கடைசி மணி அடித்தது. ஒரு பாயிண்டில் போச்சு. பன்றி மட்டும் பொன்னிறமாக வெந்திருந்தது. பெயிண்ட் கோஷ்டிதான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

கிழவர் பிழைத்துக்கொண்டார். தெருவே ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் பானிங்கைப் பற்றிப் புகார் வாசித்தது. ரெண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி ஊட்ட வந்தவளைப் பார்த்து, "நான் செத்துருவேன்னு முடிவே பண்ணிட்டே, இல்ல?" என்றார்.

"ஐயோ, என்னப்பா இது..."

"பின்னே? பொழைக்கிறவன் எவன்கிட்டயாவது நீ வாய் திறந்திருக்கியா? சாகப் போறவன்தானே, சந்தோஷமாப் போகட்டும்னு சொல்லிட்டே."

கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். "அழுவாதே. இனிமே என்கிட்ட பொய்யும் வேணாம், நிஜமும் வேணாம். ஆறு மணிக்கு எல்லாரோடயும் உக்காந்துதான் பாப்பேன்" என்றார். அதற்கப்புறம் ஏழு வருஷம் ஒரு தடவைகூட அவர் அவள் வாயைப் பிடுங்கவில்லை. பாட்சோய் கேள்வியும் நின்றுபோனது.

ஏழு வருஷமும் சோப்பு ஃபைனல் பக்கமே வரவில்லை, அது வேறு கதை. எண்பத்தாறில் வந்தது. மறுபடியும் பெயிண்ட். அதே வாரம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு. திங்கள்கிழமை மூன்று மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். டாக்டர் பானிங்கைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்களால ஆனதைச் செய்யறோம், நீங்களும் வேண்டிக்குங்கம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது!

அன்று காலையில்தான் டேப்பைப் பார்த்திருந்தாள். கடைசி நொடியில், மூலையிலிருந்து, அந்தச் சோப்புப் பயல் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பந்து கூடைக்குள் போயிருந்தது. தனியறையில் அவள் போட்ட கூச்சலில் காவல்காரன் ஓடிவந்துவிட்டான்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கிழவர் கண்ணைத் திறந்தார். அதே கை, அதே பிடி, கண்ணில் மட்டும் குறும்பு.

"பானிங், யாரு?"

அவளுக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால், நீங்க வரமாட்டீங்கப்பா என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால், ஏழு வருஷம் காத்திருந்த மனுஷன் தெரியாமலே போய்விட்டால்? கர்த்தரே, இப்படி ஒரு வேலையை எனக்கு ஏன் கொடுத்தீர் என்று மனசுக்குள் கத்தினாள். பிறகு கவுனின் சுருக்கத்தை நீவிவிட்டு, அந்த இஸ்திரி போட்ட முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஆறு மணிக்கு நீங்களே பாருங்க."

கிழவர் சிரித்தார். பல் இல்லாத வாய் முழுக்கச் சிரித்தார். நர்ஸைப் பார்த்து, "கேட்டியா? என் மருமக வாய் திறக்கலை. நான் திரும்பி வந்துருவேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

அஞ்சு மணிக்குப் போய்விட்டார்.

சேதி வந்ததும் எங்கள் தெருவில் யாரும் டி.வி. போடவில்லை. ஆறு மணிக்கு அவர் இல்லாமல் எப்படி? பானிங் அழுதுகொண்டே நிலையத்துக்குப் போன் போட்டு, டேப்பை இன்னும் ஒரு நாள் திருப்பி அனுப்பாமல் வைக்கும்படி மேனேஜரிடம் கெஞ்சினாள். அந்த ஆளும் சோப்புதான். மறுநாள் ஆறு மணிக்கே இன்னொரு தடவை போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு நாள் முடிவு காதில் விழாமல் இருக்க நாங்கள் பட்ட பாடு! டோடோங் கடையையே சாத்திவிட்டான்.

செவ்வாய் சாயங்காலம் சவப்பெட்டி வீட்டுக் கூடத்தில், தலைமாட்டில் மெழுகுவர்த்தி, எதிரில் டி.வி. காப்பியும் ரொட்டியும் வைத்துக்கொண்டு நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஆறடிக்க ரெண்டு நிமிஷம். பானிங் எழுந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, அவர் காதோடு வாயை வைத்தாள். பக்கத்தில் நின்றிருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

"நம்மதான்பா. ரெண்டு பாயிண்ட். இந்தத் தடவை நிஜம்."

அவள் நிமிர்ந்தபோது நாற்பது பேரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். கன்னமெல்லாம் கண்ணீர். அதை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? டோடோங் பொறுக்க முடியாமல், "மனாங், ஜெயிச்சமா?" என்று கிசுகிசுத்தான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூடிக்கிட்டுப் பாருடா" என்றாள்.