கெட்டுப்போன மூக்கோடு குற்றாலத்தில் சாப்பிட்டேன்

கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டாலும் சரிதான். ஆனால் படியுங்கள். இந்த வருஷம் ஊரையே படுக்கப்போட்ட விஷக்காய்ச்சல் உங்களுக்கும் வந்திருக்கலாம். அது போனபிறகு சாம்பார் மண்ணெண்ணெய் மாதிரியும் காப்பி கருகிய ரப்பர் மாதிரியும் நாறுகிறதா? அப்படியானால் சீசனுக்குக் குற்றாலம் புறப்படுமுன் நான் எழுதுவது உங்களுக்கு உதவும்.

எங்களுக்கு ஆலங்குளத்தில் காப்பிக் கடை. நான் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னாள். அப்பாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "இவ மூக்கு இல்லாம எனக்குக் கடை ஓடாது. காலையில கடைக்கு வந்து மோந்து பாத்துட்டு அப்படியே பள்ளிக்கூடம் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். தினமும் பாலையும் காப்பிப் பொடியையும் மாவையும் நான் மோந்து தலையாட்டிய பிறகுதான் கடையில் வியாபாரமே தொடங்கும். மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் பள்ளிக்கூடமும் போய்விடும். அதனால் ஒரு மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. பால் எப்படி என்று கேட்டால் அப்பாவின் புருவத்தைப் பார்த்துப் பதில் சொல்லி வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பயணம் வந்தது! ஐந்தருவிப் பக்கம் சீசன் கடை போட அப்பாவுக்கு ஒரு சரக்கு மாஸ்டர் வேண்டும். அதாவது சமையலுக்குத் தலைமை ஆள். "நீ தின்னு பாத்துச் சொல்லு" என்று அம்மாவோடு என்னையும் அழைத்துக்கொண்டார். தின்றால் மாட்டிக்கொள்வேன் என்று தெரியும். ஆனாலும் நான் சீசனில் குற்றாலத்தைப் பார்த்ததே இல்லை. முதல் நாள் ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஆலங்குளத்திலிருந்து தென்காசி பதினேழு மைல். காலை ஆறு மணி பஸ்ஸில் ஆளுக்கு ஒன்பதணா. இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பாவூர்சத்திரம் தாண்டியதும் மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. முகத்தில் சாரல் விழுந்தபோது நான் கத்தியே விட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

தென்காசிக் கோயில் வாசலில் காற்று பாவாடையைச் சுருட்டித் தள்ளியது. அந்தக் காற்றில் ஒரு நாற்றமும் இல்லை! ஒரு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். சாப்பிடப் போகுமுன் நீங்களும் அங்கே கொஞ்சநேரம் நில்லுங்கள்.

கோயிலுக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லி. அப்பா பார்க்க வந்த மாஸ்டர் தாமே வந்து சாம்பார் ஊற்றினார். மண்ணெண்ணெய்! மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். கை கழுவப் பின்பக்கம் போனபோது எச்சில் இலைத் தொட்டி கண்ணில் பட்டது. எங்கள் கடைத் தொட்டியில் சட்னி மிதக்கும். இங்கே விழுந்து கிடந்த இலைகளெல்லாம் துடைத்து எடுத்தது போல இருந்தன. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

"என்னட்டி, எப்படி?" என்றார் அப்பா.

"நல்லாருக்குப்பா. கடைசிச் சொட்டு வரைக்கும் வழிச்சுத் தின்னுதாங்க."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்று சொல்லி, அப்பா இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். குதிரைவண்டிக்கு ஒரு ரூபாய் கேட்டார்கள், பன்னிரண்டணாவுக்கு முடிந்தது. பேரருவியில் எண்ணெய் தேய்த்தவர்கள் கூட்டம். அந்த எண்ணெய் எனக்குப் பிணம் போல நாறியது. ஆனால் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்ததும் எல்லா நாற்றமும் போய்விட்டது. தோளில் இடி விழுகிறது, காது அடைக்கிறது, மூக்கு இருப்பதே மறந்துபோகிறது. மூன்று தடவை உள்ளே போனேன்!

மத்தியானம் அருவிக்குப் பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை. இன்னொரு மாஸ்டர். எனக்கு எல்லாம் கருகல் நாற்றம்தான். பின்பக்கத் தொட்டியில் பாதிக் கூட்டும் சோறும் இலையோடு கிடந்தன. அதனால் "வேண்டாம்பா" என்றேன். அப்பா தலையாட்டினார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஐந்தருவிக்கு அதே வண்டியில் மூன்று மணிக்குப் போனோம். வழியெல்லாம் பழக்கடைகள். மங்குஸ்தான் வாங்கி உடைத்தோம். வெள்ளைச் சுளை, குளிர்ச்சி, புளிப்பும் இனிப்பும். அது அதுவாகவே இருந்தது! கண்ணில் தண்ணீர் வந்தது. ஏழு பழம் தின்றேன். அந்த மகிழ்ச்சியில்தான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த கடையில் பழக்காரி ஒரு முள்ளுப் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தாள். "துரியன், அண்ணாச்சி! மூக்கப் பொத்திக்கிட்டுத் தின்னுங்க, பொறவு விடமாட்டிய" என்றாள்.

அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "சீ, சாக்கடை! வாங்க போவோம்."

எனக்கோ, காய்ச்சலுக்கு முன்னால் கடையில் முதல் டிக்காஷன் இறங்கும்போது வருமே, அந்த வாசனை! "அப்பா, என்ன மணம்! தின்னு பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

அப்பா என் மூக்கை நம்பி ஒரு சுளையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். அவர் முகம் போன போக்கை எழுத முடியாது. ஓரமாக ஓடிப்போய்த் துப்பினார்.

வண்டிக்காரர் சிரித்துச் சிரித்துக் குனிந்துவிட்டார். "உம்ம மவ மூக்கு செங்கோட்டைக்கு ஓடிப்போச்சு, அண்ணாச்சி!"

அப்பா சிரிக்கவில்லை. அம்மா சிப்ஸ் வாங்கப் போனதும் கேட்டார். "எப்பம் இருந்துட்டி இப்படி?"

"காய்ச்சல்ல இருந்துப்பா."

"அப்பம் அந்த ரெண்டு மாஸ்டரையும் எப்படிச் சொன்னே?"

"பின்பக்கம் போயி இலையப் பாத்தேன்."

அப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு வண்டியில் ஏறினார். ராத்திரி தயிர்ச்சோறு தின்னும்போதும் என் பக்கம் திரும்பவில்லை. இப்போது குற்றாலத்தில் ராத்தங்க எடுத்த வீட்டின் முன்னறையில் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கிறார்கள். மூட்டைகள் வைத்த பின்னறையில் நான் சிமினி விளக்கைத் தணித்துவைத்து எழுதுகிறேன். கொஞ்சநேரம் முன்பு வரை குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. அம்மா "பள்ளிக்கூடம்" என்றது மட்டும் காதில் விழுந்தது. அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அருவிச் சத்தம்.

எது எப்படியானாலும் நீங்கள் குற்றாலம் வாருங்கள். சூடான பண்டம், வெங்காயம், வறுத்தது, காப்பி, இவற்றுக்குக் கிட்டே போகாதீர்கள். ஆறின சோறு, தயிர், மங்குஸ்தான் போதும். ஓட்டலில் வாசல் பக்கமாக, காற்று வரும் இடத்தில் உட்காருங்கள். உட்காருமுன் பின்பக்கத் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள், நாக்கு இல்லாமலே தெரிந்துவிடும். முக்கியமாக, துரியன் கடையில் வாயைத் திறக்காதீர்கள். நாளைக் காலை பஸ்ஸில் அப்பா என்ன சொல்லப்போகிறாரோ தெரியவில்லை. ஆனாலும் அந்த மங்குஸ்தான்

கதவு தட்டுகிறார்கள். அப்பாதான். "ஏட்டி, விளக்க அணச்சிட்டுப் படு. பஸ்ஸ மத்தியானத்துக்கு வச்சுக்கிடலாம். காலையில இன்னும் நாலு கடைக்குப் பின்னால போயி நீ தொட்டியப் பாக்கணும்லா" என்கிறார். தாழ்ப்பாளைத் திற