பன்னிரண்டு மணி வரைக்கும்

காய்ச்சல் சிரப் பாட்டிலின் மேல் கவிழ்த்து வருமே, கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் மூடி, அதில் ஒன்று இன்னும் என் தையல் டப்பாவில் கிடக்கிறது. ஊக்கு போட்டு வைத்திருக்கிறேன். வீடு மாறும்போதெல்லாம் தூக்கிப் போடப் பார்ப்பேன்; கை வராது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். மகள் யு.கே.ஜி. படித்தாள். அணுபுரம் குடியிருப்பில் இருந்தோம். கணவருக்குக் காலை ஷிஃப்ட். எனக்குச் செங்கல்பட்டில் அலுவலகம். அந்த வருடம் லீவெல்லாம் ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது. இன்னொரு நாள் வராவிட்டால் மெமோ என்று மேலாளர் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு உடம்பு சுடும் காலைகளுக்கென்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஏழரைக்கு சிரப் கொடுத்தால் எட்டு மணிக்குள் சூடு இறங்கிவிடும். பன்னிரண்டு வரைக்கும் தாங்கும். பன்னிரண்டரைக்குப் பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப்போய்விடுவார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

என்னுடைய இந்தக் கணக்கைக் கண்டுகொண்டவர் பள்ளி வாசலில் நிற்கும் ஆயாம்மா. செய்யூர்ப் பக்கத்துக்காரர். உள்ளே போகும் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது பள்ளி உத்தரவு. ஒரு நாள் சிரப் கொடுத்துக் கூட்டிப்போனேன்; மகளின் கழுத்து சுடவில்லை, வேர்த்திருந்தது. ஆயாம்மா குனிந்து அவள் வாயருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"இன்னாம்மா, கொயந்த வாயில ஆரஞ்சு வாசன வருது?"

பழம் கொடுத்தேன் என்றேன். மூக்கு ஒழுகும் பிள்ளைக்கு விடிந்ததும் ஆரஞ்சா என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டு, மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். காலை முழுக்கத் தன் பழைய சேலையை விரித்துப் படுக்கவைத்து, தன் டப்பாச் சோற்றைக் கரைத்து ஊட்டினார் என்று சாயங்காலம் மகள் சொன்னாள். பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்றாராம் மிஸ்ஸிடம்; காய்ச்சலைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாள் துணிந்து லீவு போட்டேன். மெமோ வந்தது, ஒரு நாள் சம்பளம் போனது. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில், மகளை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஆயாம்மா குழாயடியில் நின்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. கழுத்தில் கை வைத்தேன், கொதித்தது. வீட்டுக்குப் போங்க, ஹெட்மிஸ்ட்ரஸிடம் நான் சொல்கிறேன் என்றேன்.

"வாணாம்மா. தெனக்கூலி நானு. ஒரு நாளு வரலன்னா வேற ஆள வச்சிப்பாங்க." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பன்னெண்டு மணி வரிக்கும் தாங்கும். உனுக்குத் தெரியாததா?"

அதில் குத்தல் இல்லை. தன்னைப்போல் ஒருத்தியிடம் சொல்வதுபோல்தான் சொன்னார். அதனால்தான் இன்றுவரை வலிக்கிறது. எட்டேகால் பஸ் வரும் நேரம். கையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போன வாரம் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். காய்ச்சலாம். ஆபீஸை என்ன செய்வாய் என்று பதறினேன்.

"லீவுன்னு மெசேஜ் போட்டுட்டேம்மா. தூங்கப்போறேன்."

போனை வைத்துவிட்டுத் தையல் டப்பாவைத் திறந்தேன். ஊக்குகளைக் கொட்டிவிட்டு மூடியை மோந்து பார்த்தேன். ஆரஞ்சு வாசனை எப்போதோ போய்விட்டது. அத்தனை பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்த மனுஷிக்கு, தொட்டுப் பார்க்க அன்று ஒரே ஒரு கைதான் வாய்த்தது. அதுவும் பஸ்ஸுக்கு ஓடிவிட்டது.