நான் தொட்ட பந்து

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதற்கும் பயப்படுவேன். இலங்கை மலையகத்து நோர்வூட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முதலாளி, காசு கொடுத்து நடத்தும் ஆம்பிளைகள் கிரிக்கெட் டீமில் பந்து போட என்னைச் சேர்த்தபோதும், பந்து வைட் போய்விடுமோ, காலில் சப்பாத்து வழுக்குமோ என்றே தூக்கம் கெட்டது. தேயிலைக் கொழுந்தெடுப்பதை விட்டால் எனக்கு வாய்த்த வேலை அது ஒன்றுதான். கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதே நினைப்பு.

முதல் மெட்ச் காலையில் பந்தையும் பேட்டையும் மைதானத்துக் கோயில் படியில் வைத்துத் திருநீறு பூசினார்கள். எங்கள் பக்கத்து டீம்களில் அது வழக்கம். நான் கிட்டப் போனதும் கேப்டன் கையை நீட்டி மறித்தார்.

"தங்கச்சி, இன்னிக்குக் கோயிலுக்கு வரலாம்தானே?"

பத்து ஆம்பிளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒருவன் இளித்தான்.

"வரலாம்ண்ணே," என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன வாயை இன்றைக்கும் கழுவத் தோன்றுகிறது.

அன்று மூன்று விக்கெட் எடுத்தேன். முடிந்ததும் கேப்டன் வந்தார்.

"ஒவ்வொரு தடவையும் கேக்க எனக்கே கூச்சமா இருக்கும்மா. நாளச் சொல்லிட்டீங்கன்னா லிஸ்ட் போட்டுருவேன்."

இடம் போய்விடுமே என்ற பயத்தில் சொல்லித் தொலைத்தேன். மனதுக்குள் வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கடைச் சுவரில் மெட்ச் பட்டியல்; என் பெயருக்கு நேரே ஒரு தேதியில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி. ஆணி வாங்க வந்தவனெல்லாம் அதைப் படித்தான்.

"அக்காவுக்கு அன்னிக்கு லீவாம்டா," என்று அந்த இளித்தவன் விளக்கம் வேறு சொன்னான்.

பெருக்கல் போட்ட அந்த நாளிலேயே மைதானத்துக்குப் போனேன். வயிற்றுவலி இருந்தது. யாரையும் கேட்காமல் கோயில் படியிலிருந்த பந்தை எடுத்தேன்.

"ஐயய்யோ, வச்சிருங்க! வச்சிருங்க!" என்று கேப்டன் அலறினார்.

"தொட்டுட்டேன்ண்ணே. என்ன, வெடிச்சிருச்சா?"

பந்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அப்படியும் மனம் ஒப்பாமல் புதுப் பந்து வாங்கிவர ஆள் ஓடியது. அது வந்ததும் அதையும் தொட்டேன்.

"போதும்மா. நீ இனி வர வேணாம்," என்றார் முதலாளி.

என் இடத்துக்கு இளித்தவனின் மச்சானைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் குடித்த சாராயம் அவன் வாயில் அப்படியே நாறியது. அவனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசி, மறுபடி ஆள் ஓடி வாங்கிவந்த மூன்றாவது பந்தை அவன் கையில் கொடுத்தார்கள்.