செட் மாத்திரையும் என் வெள்ளை நாக்கும்

இன்னிக்கு மதுராந்தகத்துல ஒரு டாக்டரம்மா கிட்ட நாக்கை நீட்டினேன். நாக்கு பூரா இட்லி மாவு பூசின மாதிரி ஒரே வெள்ளை.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"சளிக்கு மெடிக்கல்ல செட் வாங்கினேன் மேடம். கேக்கல, இன்னும் அஞ்சு நாளைக்கு வாங்கினேன்."

செட்டுன்னா தெரியும்ல? கடைக்காரர் கத்திரிக்கோலால வெட்டி காகிதக் கவர்ல போட்டுத் தர்ற மூணு கலர் மாத்திரை. அதுல ஒண்ணு ஆன்டிபயாடிக்காம்.

டாக்டரம்மா தலையில அடிச்சிக்காத குறை.

"அந்த ஆன்டிபயாடிக் சளியை ஒண்ணும் செய்யாது. குடல்ல இருந்த நல்ல பாக்டீரியாவைத்தான் காலி பண்ணும். பூஞ்சை எப்பவும் அங்க ஓரமா நிக்கும். சீட்டுல இருந்தவங்களை எல்லாம் நீங்களே இறக்கி விட்டுட்டீங்க. இப்ப அது காலை நீட்டிப் படுத்திருக்கு. குடல்லயும் அதே கதை, வாயிலயும் அதே கதை. நாக்குல இருக்கிற வெள்ளை அந்தப் பூஞ்சைதான்."

"நம்ம செய்யூர் பஸ் மாதிரியா மேடம்?"

"அதேதான். மிச்ச மாத்திரை இருந்தா யாருக்கும் குடுத்துடாதீங்க."

"சேச்சே, குடுப்பனா மேடம்!"

வெளிய வந்தா, பெஞ்சுல எதிர் வூட்டு டேவிட் அண்ணாத்த வயித்தைப் புடிச்சிகினு உக்காந்துகீறாரு.

"தம்பி, நீ குடுத்த மாத்திரை சூப்பர்பா. சளி ஓடிப்போச்சி. ரெண்டு நாளா வயிறுதான் பேஜாரு. இரு, உள்ள போயி டாக்டரம்மா கிட்ட உன் பேரைச் சொல்றேன். உன்னப் பாத்து கத்துக்கட்டும்."

செருப்பைக் கையில எடுத்துகினு ஓடியாந்து பஸ் ஏறிட்டேன்.

சரி, உங்க வூட்டு பிரிட்ஜ் மேல கீற மிச்ச மாத்திரை டப்பா யாருக்காக வெயிட்டிங்?