ஒற்றைக் கம்பி கிதார்

வால்வக்காவின் கடையில் ஒரு கிதார் தொங்கும். அதில் ஒரே ஒரு கம்பிதான் இருக்கும், ஆறு கம்பிகளில் தடித்தது. வாசிப்பீர்களா என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. பழுதுக்கு வரும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களைச் சோதிக்கத்தான் அது என்பாள். அது பாதி உண்மை. பழுதுக்கு எதுவுமே வராத நாளிலும், காலையில் கடை திறந்த கையோடு தன் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் கிதாரைச் சொருகி அந்தக் கம்பியை ஒரு தடவை தட்டிக் கேட்பாள். நெஞ்சுக்குள் தும்மென்று இறங்கும். அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் விளக்கு, விசிறி எல்லாம். அவள் தினமும் சோதித்தது தன் காதை.

அவள் குடும்பத்துப் பெண்களுக்குக் காது கீழிருந்து மேலாகப் போகும். மற்றவர்களுக்கு வயதானால் மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் முதலில் போகும். இவர்களுக்கு முதலில் போவது கனத்த சத்தம். அம்மாவுக்கு அப்படித்தான் போனது. அடுத்து அக்காவுக்கு. அக்கா அதைக்கூட வேடிக்கையாகச் சொல்வாள்.

"முதல்ல உங்க அத்தான் பேசுறதுதான் கேக்காம போச்சு. வீடு இப்பதான் நிம்மதியா இருக்குன்னு நெனச்சேன். அப்புறம் லாரி வர்றதும் கேக்கல. அப்பதான் பயம் வந்துச்சு."

எல்லோரும் சிரிப்பார்கள். வால்வக்காவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, அக்காவுக்கு அது தொடங்கிய வயதைத் தான் தாண்டிவிட்டோமா என்று மனதுக்குள் பார்த்துக்கொள்வாள்.

சின்ன வயதில் ரேடியோ தொழிற்சாலையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வரிசையில் உட்கார்ந்தவள். தொழிற்சாலையை மூடியபோது வீட்டின் முன்னறையை இரண்டாகத் தடுத்துக் கடை போட்டாள். கிதார் வாசிக்கிறவர்கள் விடாப்பிடியாக, கண்ணாடிக் குழல்கள் ஒளிரும் அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரையே கட்டிக்கொண்டு அழுவதால் பிழைப்பு ஓடியது, வால்வக்கா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எந்தக் கண்டன்சர் போய்விட்டது என்பதை மீட்டர் சொல்வதற்கு முன் அவள் காது சொல்லிவிடும். அந்தக் காதைத் தவிர அவளிடம் வேறு முதல் கிடையாது.

தாடிக்காரன் பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் உட்காருகிறவன், சனிக்கிழமைகளில் மேடையில் நிற்கிறவன். ஒரு நாள் தன் ஆம்ப்ளிஃபயரையும் இரட்டை ஸ்பீக்கர் பெட்டியையும் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து இறக்கினான்.

"பேஸ் பத்தலக்கா. தடிக்கம்பிய அடிச்சா முன்வரிசையில இருக்கிறவன் நெஞ்சுல விழணும். இது தகரத்துல மழை பெஞ்ச மாதிரி இருக்கு."

"எப்ப வேணும் தம்பி?"

"வர்ற சனிக்கிழமை நிகழ்ச்சிக்கா. மத்தியானம் வந்து எடுத்துக்கிறேன்."

கை தேர்ந்தவளுக்கு இதெல்லாம் பழகின வேலை. ஒலி ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் போகும் வழியில் இருந்த சின்னக் கண்டன்சர்களை எடுத்துவிட்டுப் பெரியவை வைத்தாள். கனத்த ஒலியைத் தாங்காமல் திணறிய டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்றினாள். பெட்டியின் திறந்த முதுகைப் பலகை வைத்து மூட அளவெடுத்தாள். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் ஓரம் கிழிந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்தி ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். தூக்கிவாரிப் போட்டது.

கணவர்தான். கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்த குரல்.

"சாப்பிட வான்னு எத்தன தடவ கூப்பிடுறது?"

"வேலையில இருந்தேங்க."

"பின்னாடியேதான நின்னேன்."

அவர் உள்ளே போய்விட்டார். விசிறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தாள். விசிறி ஓடவில்லை. அவசர அவசரமாக மிச்ச ஒயரையும் பற்றவைத்து, பெட்டியின் முதுகை மூடித் திருகினாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும், தன் பெட்டிக்குப் பதில் தாடிக்காரனின் பெட்டியில் சொருகி ஒற்றைக் கம்பியைத் தட்டினாள். கம்பி அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. தும் வரவில்லை. மூக்கடைத்தவன் முனகுவதுபோல் ஒன்று வந்தது. அவன் கொண்டுவந்தபோது இருந்ததைவிட மோசம். இத்தனை செய்த பிறகு பேஸ் கூடாமல் எப்படி இருக்கும்? ஆம்ப்ளிஃபயரில் தப்பில்லை என்றால் தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தன் பழைய பெட்டியில் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். அது அவளுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் போட்டுப் பார்க்கவில்லை. அதிலும் தும் வராவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொள்வது? காலைச் சோதனையை நிறுத்தினாள். கிதாரை ஆணியில் திருப்பி மாட்டினாள், முதுகு மட்டும் தெரியும்படி. கண்டன்சர்களை இன்னும் பெரிதாக்கினாள், குமிழைக் கோடிவரை திருப்பினாள், பயன் இல்லை. சாப்பிடும்போது கணவரின் வாயையே பார்த்தாள். "என்ன, முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றார் அவர். படுத்தால் தூக்கம் வராது. கடையை மூடிவிட்டால் தான் யார் என்று யோசிப்பாள். யோசனை அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

சனிக்கிழமை காலை, மாடி வீட்டில் இருக்கும் அக்கா ஒரு சுவர்க்கடிகாரத்தை அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். காது போனவர்கள் கத்துவார்கள் என்பார்கள். அக்கா நேர்மாறு, ரகசியம் பேசுவதுபோல் மெல்லப் பேசுவாள்.

"பேட்டரி இருந்தா குடுடி. கடிகாரம் நின்னுருச்சு. டிக் டிக் கேக்காட்டியும் முள்ளு ஓடணும்ல."

வால்வக்கா மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே ஒரு பேட்டரி, இரண்டு முனையிலும் ஒயர் பற்றவைத்தபடி கிடந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு மண்டையில் உறைத்தது. ஸ்பீக்கர் மாற்றினால், முதுகை மூடுமுன் இந்தப் பேட்டரியை ஒயரில் தொட்டு, ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்று பார்ப்பாள். அவள் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. இந்தத் தடவை விட்டுவிட்டாள்.

பெட்டியின் முன்துணியை விலக்கிவிட்டு, பெட்டிக்குப் போகும் ஒயரில் பேட்டரியைத் தொட்டாள். பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் துள்ளியது. புதியது பின்னால் போனது. எட்டிப் பார்த்த அக்கா, "ஒண்ணு வெளிய வருது, ஒண்ணு உள்ள போகுது. புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். கூட்டல் முனையைக் காட்டும் சிவப்புப் பொட்டு, புது ஸ்பீக்கரில் வழக்கத்துக்கு மாறாக எதிர்முனையில் இருந்திருக்கிறது. அன்றைய அவசரத்தில் பொட்டை மட்டும் பார்த்து ஒயரைச் சேர்த்துவிட்டாள். ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொண்டால் பேஸ் எங்கிருந்து வரும்? அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. பலகையைக் கழற்றி, ஒயரை மாற்றிப் போட்டு, மூடி, கிதாரைத் திருப்பி எடுத்துக் கம்பியைத் தட்டினாள்.

தும். மேசைமேல் இருந்த திருகாணி டப்பா கிலுகிலுத்தது. நெஞ்சில் இறங்கியது. அவள் இன்னொரு தடவை தட்டினாள், பிறகு இன்னொரு தடவை. அக்காவைப் பிடித்து உலுக்கினாள். பாவி, செத்துப் பிழைத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். யார் பாவி என்று அக்காவுக்குப் புரியவில்லை.

மத்தியானம் தாடிக்காரன் வந்தான். தன் கிதாரைச் சொருகித் தடிக்கம்பியை அடித்தான். கண்ணை மூடிக்கொண்டு அடித்தான்.

"இதுக்கா. இதத்தான் கேட்டேன்."

அவளுக்குப் பூரிப்பாக இருந்தது. அவன் கம்பியை உள்ளங்கையால் அமர்த்தினான். கடை அமைதியானது. அவன் தலையைச் சாய்த்தான்.

"ஆனா அடியில ஒரு இரைச்சல் இருக்கேக்கா. ம்ம்ம்னு, விடாம."

பேஸைக் கூட்டினால் அதுவரை பதுங்கியிருந்த மின்சார இரைச்சலும் மேலே வரும். எந்த மெக்கானிக்கும் முதலில் காது கொடுப்பது அதற்குத்தான். அவள் காது கொடுத்தாள். குனிந்து ஸ்பீக்கர் துணிக்குப் பக்கத்தில் போனாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தது துல்லியமாகக் கேட்டது. பெட்டியில் ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குதாக்கா?"

பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பலகைக்குள் அது இருந்தது. தூங்கும் பூனையின் வயிறுபோல் விடாமல் அதிர்ந்தது.

"ஆமா தம்பி, கேக்குது" என்று தலையாட்டினாள். "டீ குடிச்சிட்டு வாங்க. சரி பண்ணி வைக்கிறேன்."

அவன் போனான். அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் இரைச்சல் இல்லாமல் போய்விடும். நிமிர்ந்தபோது, பேட்டரிக்காக இன்னும் மடியில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லி ஆட்டும் தலையாட்டலை அக்காவைவிட அறிந்தவர் யாரும் இல்லை. வருடக்கணக்கில் அத்தானிடம் அப்படித்தான் ஆட்டினாள்.

அக்கா கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள். எழுந்து வந்து, பெட்டிமேல் இருந்த தங்கையின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.

"எப்ப இருந்துடி?" என்று வழக்கம்போல மெல்லக் கேட்டாள்.