கைத்தட்டலுக்கு நடுவே ஒரு மயக்கம்

போன வருஷம், ஒரு பௌர்ணமி நாள் காலை. திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒத்திகை. கதிர்வீச்சுப் பொருள் ஏற்றிய லாரி செங்கம் ரோட்டில் கவிழ்ந்தால், அடிபட்டவரை எப்படிக் கவனிப்பது என்று பழகிப் பார்க்கிறார்கள். அடிபட்ட டிரைவர் வேஷம் எனக்கு.

நான் பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். ஆனால் எங்கள் ஊர்த் தெருக்கூத்தில் வருஷா வருஷம் ராஜா வேஷம் என்னுடையதுதான். கடைசியில் ராஜா அடிபட்டு விழுவதைப் பார்க்கவே பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டால் சும்மா விடுவேனா?

அன்று சாயங்காலம் கிரிவலம் போக வேண்டும் என்று விரதம் இருந்தேன். பழக்க தோஷத்தில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கையிலும் சட்டையிலும் ஏதோ பவுடர் பூசினார்கள். அதுதான் கதிர்வீச்சுத் தூசியாம்; நீல விளக்கு அடித்தால் மட்டும் மினுங்குமாம். ஸ்ட்ரெச்சரில் படுத்து முனக ஆரம்பித்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த கூத்துக்காரர்கள் விசிலடித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கை தானாக நடுங்கியது. சட்டை வேர்வையில் நனைந்தது. தண்ணீர் கேட்கலாம் என்றால் வாய் குழறியது.

"அண்ணன் பின்றாருப்பா!" என்று கைதட்டினார்கள். எழுந்து சொல்லவும் தெம்பில்லை. பாவிகள், கைதட்டியே என்னை வழியனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறதே என்று பயந்துபோனேன்.

கவச உடை போட்ட ஊழியர் ஒருவர் கதிர்வீச்சு அளக்கும் கருவியை நீட்டிக்கொண்டு வந்தார். அதே உடையில் இருந்த டாக்டரம்மா அவரைத் தடுத்தார். டாக்டரம்மாவின் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"மொதல்ல உயிரப் பாருங்க. தூசிய அப்புறம் கழுவிக்கலாம்."

"ஒத்திகைதான மேடம்?"

"ஒத்திகைல செய்யாதத நெஜத்துல மட்டும் செஞ்சிடுவோமா?"

நாடி பிடித்தார். விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். அடுத்த நொடி அவர் குரலே மாறிவிட்டது. "சுகர் ரொம்பக் கம்மி! இவரு நடிக்கலங்க. குளுக்கோஸ் எடுங்க, சீக்கிரம்!"

குளுக்கோஸ் உள்ளே போகப் போக, கண்ணெதிரே மங்கிப் போயிருந்த முகங்கள் தெளிந்தன. விசிலடித்தவர்கள் பேயறைந்தது மாதிரி நின்றிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா அப்போதும் விடவில்லை. "உயிர் வந்துடுச்சில்ல? இப்பக் கழுவலாம்" என்று சட்டையை வெட்டி எடுக்கச் சொன்னார். நீல விளக்கில் ஒரு துளிகூட மினுங்காமல் போகும் வரை கையைத் துடைத்தார்கள்.

"என் வெரதம்..." என்று இழுத்தேன்.

"சாப்ட்டுட்டு அடுத்த பௌர்ணமிக்கு நடங்கண்ணே. மலை எங்கயும் போயிடாது."

கவசத்துக்குள் இருந்த அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. இப்போதெல்லாம் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிரிவலம் கிளம்புகிறேன். பொய்யாகப் படுத்திருந்தவனையும் நிஜ நோயாளியாக நினைத்து ஒருவர் தொட்டுப் பார்த்ததால்தான் இந்த மலையை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.